வாசகர் கேள்வி: கூட்டம் ஐந்து, வளர்ச்சி எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைத்தான் சொல்கின்றன. சபையில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆவிக்குரிய வளர்ச்சியைக் காணோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

*

கேள்வி: ஐயா, நான்கு வருடமாக ஒரு சபையில் போதகராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை, செவ்வாய் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம், மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம் என்று ஐந்து கூட்டங்கள் நடக்கின்றன. மக்கள் வருகிறார்கள், கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். திங்கட்கிழமை வந்தால் அதே புறங்கூறுதல், அதே கோபதாபம். பத்து வருட விசுவாசிகூடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைத் தேடி ஓடி வருகிறார். இன்னும் என்ன கூட்டம் ஆரம்பிக்கலாம்?

பதில்: தம்பி, இருக்கிற கூட்டத்தில் ஒன்றைக் குறையுங்கள். கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கதை சொல்கிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் குரல் போனது. குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் விழுந்திருந்தன. மூன்று மாதம் வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரத்துக்கு நான்கு செய்தி கொடுத்துக்கொண்டிருந்தவன், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் வெளியிலிருந்து ஊழியர்கள் வந்து சமாளித்தார்கள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை யாரும் கிடைக்கவில்லை. மின்சார வேலை செய்கிற ஒரு சகோதரரை மூப்பர்கள் முன்னே தள்ளிவிட்டார்கள். அவருக்குப் பிரசங்கம் வராது. "மாற்கு நாலாம் அதிகாரம் எடுங்க, வாசிப்போம்" என்றார், அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சகோதரி, பதினைந்து வருடமாக என் செய்தியைக் கேட்டவர், வேதாகமத்தைப் புரட்டிப் பொருளடக்கத்தில் மாற்கு எந்தப் பக்கம் என்று தேடினார். நான் பார்ப்பதைக் கவனித்ததும் வெட்கப்பட்டுக் கையால் மறைத்துக்கொண்டார். உண்மையில் வெட்கப்பட்டிருக்க வேண்டியவன் நான். பதினைந்து வருடமும் வசனத்தை நானே எடுத்து, நானே வாசித்து, நானே விளக்கி, ஆமென்னையும் ஏறக்குறைய நானே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்குப் பக்கத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

அன்றைக்குப் புயலை அடக்கிய சம்பவத்தை வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் ஒரே அமைதி. கடைசியில் ஒரு வயதான அம்மா கேட்டார்: "தலையணை வச்சுத் தூங்கினாருன்னு போட்டிருக்கே, அந்தத் தலையணையை யார் கொண்டுவந்து குடுத்திருப்பாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். பேச முடிந்திருந்தால் "அது முக்கியமில்லை அம்மா" என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போயிருப்பேன். ஆனால் பேச்சு தலையணையிலிருந்து தூக்கத்துக்குப் போனது, தூக்கத்திலிருந்து "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற வார்த்தைக்குப் போனது. அப்போது ஒருவர், "நான் போன வாரம் முழுக்க இதே வார்த்தையைத்தான் சொல்லி ஜெபிச்சேன், எனக்கு வேலை போயிருச்சு" என்றார். பதினோரு வருடமாக என் சபையில் இருக்கிறவர். அவருக்கு வேலை போன செய்தி அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. அன்று இரவு அவரோடு மூன்று பேர் வீடுவரை நடந்துபோனார்கள். நான் அனுப்பி அவர்கள் போகவில்லை.

நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினேன்: "இவர்களைக் கேட்கிறவர்களாக மட்டும் வைத்திருக்கிறேன்."

எபிரெயர் ஐந்தாம் அதிகாரத்தில் பாலையும் பலமான ஆகாரத்தையும் பற்றிப் பேசும்போது, பூரண வயதுள்ளவர்கள் யார் என்று ஆக்கியோன் சொல்கிறார். நன்மை தீமை இன்னதென்று "பயிற்சியினால்" பகுத்தறிகிறவர்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி எத்தனையோ தடவை வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன். காதால் கேட்பது பயிற்சி ஆகாது. நீச்சலைப் பற்றி ஆயிரம் சொற்பொழிவு கேட்டவனையும் தண்ணீர் மூழ்கடித்துவிடும்.

குரல் திரும்பிய பிறகு செவ்வாய்க் கூட்டத்தை மாற்றினேன். நான் பதினைந்து நிமிடம் பேசுவேன். அப்புறம் ஐந்தாறு பேராக நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் வாசித்த பகுதியிலிருந்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். போன வாரம் படித்ததில் எதைச் செய்து பார்த்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். "செய்யவில்லை" என்று சொன்னாலும் சரி, பொய் சொல்லக் கூடாது.

உடனே பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஆறு மாதத்தில் ஒரு குழு வம்புப் பேச்சுக் குழுவாகி, நானே கலைத்துவிட்டேன். இன்னொன்றில் தலைவராக வைத்தவர் என்னைவிட நீளமாகப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார், என்னிடம்தானே கற்றார்! குழு அமைப்பதற்கு முன்னால் அதை நடத்துகிறவர்களைத் தயார்படுத்தியிருக்க வேண்டும். அதைப் பிறகுதான் செய்தேன். நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தேன். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபம் 2:2-ல் ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை இருக்கிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகிற மற்றவர்கள். என் ஊழியமோ அதுவரை ஒரே தலைமுறையோடு நின்றுபோயிருந்தது.

இதொன்றும் என் கண்டுபிடிப்பு கிடையாது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்களுக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு என்றும் ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள், ஒரு வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை, வேறொன்றில் துக்கம் என்று கண்டு வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். கடனுக்காகப் போட்ட ஏற்பாடு ஆத்தும விசாரிப்புக்கு எவ்வளவு பொருத்தமானது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. அவர் ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கித்தவர். பிரசங்கத்துக்கு அங்கே குறைவே இல்லை.

அப்புறம், ஓடி வருகிறவர்கள் விஷயம். அடுத்த முறை அந்தப் பத்து வருட விசுவாசி வந்தால், பதிலைச் சொல்வதற்கு முன், "நீங்க இதைப் பத்தி என்ன ஜெபிச்சீங்க, வேதத்துல எதைப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் வருத்தப்படுவார். பரவாயில்லை. ஆனால் தம்பி, உங்களையும் ஒன்று கேட்கிறேன். அவர் உங்களைத் தேடி வருவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? எனக்குப் பிடித்திருந்தது.

*

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துப் பதினெட்டு வருடமாகிறது ஐயா. தினமும் போனில் இரண்டு மூன்று செய்தி கேட்கிறேன். ஆனாலும் உள்ளே வறட்சியாக இருக்கிறது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். நான் வளர்ந்திருக்கிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சகோதரி, முதலில் ஆவிக்குரிய கேள்வியாகத் தெரியாத ஒன்றைக் கேட்கிறேன். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்கு அனுப்பியதும் அங்கே தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதும் அதற்குப் பிறகு. நாம் வறட்சி என்று சொல்வதில் ஒரு பங்கு வெறும் அசதி.

அடுத்தது, செய்திகள். தினம் மூன்று என்றால் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல். ஆயிரம் செய்திக்கு யாராலும் கீழ்ப்படிய முடியாது. வாரத்துக்கு ஒன்று போதும். அதிலிருந்து ஒரே ஒரு காரியத்தைச் செய்யுங்கள். மற்ற நேரம் ஒரு சுவிசேஷத்தை எடுத்து மெதுவாக, யாருடைய விளக்கமும் இல்லாமல் வாசியுங்கள்.

வளர்ச்சியை அளப்பது பற்றிக் கேட்டீர்கள். கலாத்தியர் ஐந்தில் இருப்பது ஆவியின் கனி. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று போகிறது அந்த வரிசை. அதில் ஒன்றுகூடத் தனி அறையில் உட்கார்ந்து நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளக் கூடியது அல்ல. கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளையே கேளுங்கள்: "போன வருஷத்தைவிட அம்மா இப்ப சீக்கிரம் மன்னிப்புக் கேக்கிறேனா?" எரிந்து விழாமல் இருக்கிறீர்களா என்று கேட்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். என் மனைவி என்னிடம் வைத்த அளவுகோல் அதுதான். கோபம் வந்த பிறகு திரும்பி வர முன்பு நான்கு நாள் எடுத்தேனாம். இப்போது சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேனாம். நாற்பது வருடத்தில் இவ்வளவுதான் முன்னேற்றம்.

*

கேள்வி: அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் போன்ற வரங்கள் உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஆவியில் முதிர்ந்தவர்கள்தானே?

பதில்: கொரிந்து சபை யாதொரு வரத்திலும் குறைவில்லாதது என்று பவுல் முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். அதே சபையைத்தான் மூன்றாம் அதிகாரத்தில் குழந்தைகள் என்கிறார். காரணமாக அவர் காட்டுவது பொறாமை, வாக்குவாதம், பேதகம். வரம் கொடுக்கப்படுவது, முதிர்ச்சி வளர்வது. இரண்டையும் போட்டுக் குழப்பியதால் சில சபைகளில் இருபத்து மூன்று வயதுப் பையனை மேடையில் ஏற்றி, அவன் தாங்க முடியாத பாரத்தை அவன் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

*

கேள்வி: நான் சபையில் மூப்பராக இருக்கிறேன். கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி வேதபாடத்தில் ஓயாமல் கேள்வி கேட்கிறான். நியாயாதிபதிகளில், ஜெயித்து வந்தால் வீட்டிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை செய்த யெப்தா, எதிரே வந்த தன் மகளை என்ன செய்தான், தேவன் ஏன் தடுக்கவில்லை என்கிறான். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. இது மற்றவர்களின் விசுவாசத்தைக் கெடுக்கும், அவனை அடக்குங்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: அடக்காதீர்கள் சகோதரரே. நான் அடக்கியிருக்கிறேன். ஒரு பையன் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டபோது, எல்லோர் முன்னிலையிலும் "முதல்ல முழங்கால்ல நில்லு, அப்புறம் கேள்வி கேளு" என்று சொன்னேன். கூட்டத்தில் ஆமென் சத்தம் பலமாக வந்தது. அவன் அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வந்தான். அப்புறம் வரவில்லை. அந்த ஆமென் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

பெரோயாவில் இருந்தவர்கள் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது, அடங்காதவர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த அதிகாரத்தில் அப்பொல்லோ வருகிறார். சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர், ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மட்டுமே அறிந்தவர். அவர் ஜெப ஆலயத்தில் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கேட்கிறார்கள். எழுந்து நின்று திருத்தவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு, இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். இவர்கள் யார்? கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். அறிவாளி ஒருவரைக் கைத்தொழில் செய்கிற ஒரு குடும்பம் வளர்த்தெடுத்தது. அதே ஆளைப் பற்றித்தான் பவுல் பிறகு, "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்" என்று எழுதினார்.

யெப்தாவின் கேள்விக்கு விளக்கவுரை எழுதியவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். அவளைப் பலியிட்டான் என்று ஒரு சாரார், ஆயுள் முழுதும் கன்னியாகத் தேவனுக்கென்று விட்டுவிட்டான் என்று இன்னொரு சாரார். பலியிட்டான் என்றே நான் வாசிக்கிறேன். யாருக்கு எது சரியென்று பட்டதோ அதைச் செய்தார்கள் என்று முடிகிற புத்தகம் அது. நடந்ததை எழுதியிருக்கிறதே தவிர, நடந்ததையெல்லாம் மெச்சவில்லை. இதை அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "எனக்கும் இது உறுத்துது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "தெரியலை தம்பி, அடுத்த வாரம் நீயும் நானும் படிச்சுட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். மூப்பர் வாயிலிருந்து "தெரியலை" வருவதைக் கேட்டு யாரும் விசுவாசத்தை விட்டதாக நான் பார்த்ததில்லை.

சரி, தன் புத்தியைக் காட்டுவதற்காகவே கேட்கிறவர்களும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? படித்து வரும் வேலையில் பாதியை அவனிடம் கொடுங்கள். உண்மையாகத் தேடுகிறவன் படித்துவிட்டு வருவான்.

*

கேள்வி: பிள்ளைகளைத் தவறாமல் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்புகிறோம். வீட்டிலும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எங்களுக்கு அவ்வளவு வேத அறிவு கிடையாதே?

பதில்: 1528 வாக்கில், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போய் அதிர்ந்துபோனார். ஜனங்களில் பலருக்குப் பத்துக் கட்டளையும் தெரியவில்லை, விசுவாசப் பிரமாணமும் தெரியவில்லை, கர்த்தருடைய ஜெபமும் தெரியவில்லை. போதகர்களில் பலரும் சொல்லிக்கொடுக்கிற நிலையில் இல்லை. மறு வருடம், 1529-ல், சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடப் புத்தகத்தை எழுதினார். அதன் பகுதிகளை வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் விதமாகவே அமைத்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் "இதற்கு அர்த்தம் என்ன?" என்ற அதே கேள்வி. பண்டிதர்களுக்காக எழுதிய புத்தகம் அல்ல அது.

வாரம் ஒரு மணி நேரம் ஓய்வுநாள் பள்ளி. மீதி நேரம் முழுவதும் பிள்ளைகள் உங்களைத்தான் வாசிக்கிறார்கள். உபாகமம் ஆறில் சொல்லியிருப்பது வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழுந்திருக்கிறபோது. அதில் வகுப்பறை வரவே இல்லை. ராத்திரி பத்து வசனம் வாசியுங்கள், "உனக்கு எது பிடிச்சது, எது புரியலை?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாததையும் சொல்லிவிடுங்கள். குடும்ப ஜெபத்தை மட்டும் அரைமணி நேரம் இழுக்காதீர்கள். என் மகன் சின்ன வயதில் என் ஜெபத்தின் நடுவில் தூங்கி, சுவரில் தலை மோதி எழுந்திருக்கிறான்.

*

கேள்வி: வாலிபர் ஊழியத்தில் உற்சாகமாக இருந்த ஒரு சகோதரன், முக்கியமான நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறான். பொறுப்புக் கொடுக்கலாமா? சபையில் இரண்டு கட்சியாக நிற்கிறோம்.

பதில்: நீங்கள் இரண்டு கட்சியாக நிற்பதில் புதுமை ஒன்றும் இல்லை. பவுலும் பர்னபாவும் இதே விஷயத்தில்தான் பிரிந்தார்கள். மாற்கு என்னும் யோவான் முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலுள்ள பெர்கேயில் அவர்களை விட்டுப் போனவர். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிப் போகலாம் என்று பர்னபா சொல்ல, கூடாது என்று பவுல் சொல்ல, கடுங்கோபம் மூண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே என்ன நடந்தது என்று வேதம் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குதான் என்பது ஆதித்திருச்சபையின் பாரம்பரியம். நான் மேலே சொன்னேனே, அந்தத் தலையணை, அது மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. மத்தேயுவும் லூக்காவும் புயலைச் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்லவில்லை.

பவுல் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். நடுவழியில் விட்டுப் போனவரை நம்பி அடுத்த பயணம் போக முடியாது என்பது பொறுப்புள்ள தலைவன் பேசுகிற பேச்சு. ஆகவே அந்தச் சகோதரனை உடனே மேடைக்கும் ஏற்ற வேண்டாம், கடைசி வரிசையிலேயே உட்கார வைத்துத் தண்டிக்கவும் வேண்டாம். உங்கள் சபையில் பர்னபா யார் என்று முதலில் பாருங்கள். அவனோடு வாரம் ஒருமுறை உட்கார ஒருவர் முன்வருகிறாரா? வந்தால், ஆராதனைக்கு முன்னால் கதவைத் திறக்கிற வேலையை அவனுக்குக் கொடுங்கள். ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் வந்து சாவியைப் போட்டுத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு ஏன் போனான் என்று இதுவரை யாராவது அவனைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.